ட்ரோனுக்கான முதல்நபர் பார்வைக் கண்ணாடி

முதல்நபர் பார்வைக் கண்ணாடி (எஃப்.பி.வி. காகிள்ஸ்) என்பது, பறக்கும் ட்ரோனின் கேமரா காணும் காட்சியை அதை இயக்குபவரின் கண்முன் நேரலையாகக் காட்டும், தலையில் அணியும் கருவி ஆகும். இதன் உள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரு சிறு திரைகளும், அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் வில்லைகளும் உள்ளன. வெளிவெளிச்சம் புகாதபடி முகத்தோடு ஒட்டி மூடிக்கொள்வதால் உச்சி வெயிலிலும் காட்சி தெளிவாகத் தெரியும். கைப்பேசித் திரையில் அந்த நேரத்தில் பெரும்பாலும் நம் முகம்தான் தெரியும்.

பந்தய ட்ரோன் ஆர்வலர்களிடம் தொடங்கிய இக்கருவி, பின்னர் சாதாரண கேமரா ட்ரோன்களுக்கும் வந்தது. டி.ஜே.ஐ. நிறுவனம் 2017இல் மேவிக் ப்ரோவுடன் இணையும் கண்ணாடியை வெளியிட்டது. 2022இல் காகிள்ஸ் 2, 2024இல் காகிள்ஸ் 3 ஆகியன வந்தன. எல்லாக் கண்ணாடியும் எல்லா ட்ரோனுடனும் இணையாது. வாங்குமுன் இணக்கப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

கேமரா ட்ரோனில் உள்ள சிக்கல்

பந்தய ட்ரோனில் கேமரா உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ட்ரோன் சாய்ந்தால் காட்சியும் சாயும். கேமரா ட்ரோனில் அப்படியன்று. கிம்பல் என்னும் தாங்கி, ட்ரோன் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவை மட்டமாக வைத்திருக்கும். இதனால் தலைசுற்றல் குறைவு. படமும் ஆடாது.

ஆனால் இதே கிம்பல்தான் ஆபத்துக்கும் காரணமாகிறது. தரையைப் படமெடுக்கக் கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பியபின் ட்ரோனை முன்னே செலுத்தினால், கண்ணாடி அணிந்தவருக்குத் தரை மட்டுமே தெரியும். எதிரில் நிற்கும் பனைமரம் தெரியாது. பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பறக்கும்போதும் இதே நிலைதான். எடை குறைந்த பல ட்ரோன்களில் பக்கவாட்டு உணரிகள் இருப்பதில்லை. பார்வை அகலமும் குறைவு: பந்தய வகையான டி.ஜே.ஐ. எஃப்.பி.வி. ட்ரோனின் கேமரா 150 பாகை வரை காட்டும்; கேமரா ட்ரோன்கள் பொதுவாக 80 பாகையை ஒட்டியே காட்டுகின்றன.

காலத் தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேமரா பார்த்தது திரைக்கு வரச் சிறிது நேரமாகும். ட்ரோன் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். தாமதம் 30 மில்லி விநாடி எனில், நாம் காண்பது ட்ரோன் 30 செ.மீ. பின்னே இருந்தபோது எடுத்த காட்சி. தாமதம் 130 மில்லி விநாடி எனில் 1.3 மீட்டர். இதனுடன் நம் கை அசைய ஆகும் நேரத்தையும் மாணவர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

குன்றாண்டார்கோவிலை எடுத்துக்கொண்டால்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், குன்றின் அடிவாரத்தில் பல்லவர் காலக் குடைவரைச் சிவன் கோயில் உள்ளது. அதன் முன்னே, குதிரைகள் இழுக்கும் தேர் போல் அமைந்த விஜயநகரக் காலக் கல் மண்டபம் உண்டு. மேலிருந்து பார்த்தால் குன்று, குடைவரை, தேர் மண்டபம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். படமெடுப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பே.

இங்கு முதல் இடையூறு பாறைதான். ட்ரோனும் ரிமோட்டும் பேசிக்கொள்ளும் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. கருங்கல் குன்றைத் துளைத்துச் செல்ல மாட்டா. ட்ரோன் குன்றுக்குப் பின்னே சென்றால் காட்சி உறைந்து நின்றுவிடும். கைப்பேசியில் பார்ப்பவர் தலையை நிமிர்த்தினால் போதும். கண்ணாடி அணிந்தவரோ ஒரே நொடியில் குருடராகிறார். அப்போது ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முற்படும். திரும்பும் உயரத்தை முன்கூட்டியே குன்றுக்கும் மரங்களுக்கும் மேலாகக் குறித்திருக்க வேண்டும். பனை 30 மீட்டர் வரை வளரக்கூடியது.

உயர அளவிலும் ஒரு மயக்கம் உண்டு. திரை காட்டுவது புறப்பட்ட இடத்திலிருந்து உள்ள உயரம். ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அன்று. அடிவாரத்தில் புறப்பட்டுக் குன்றின்மேல் பறக்கும்போது 40 மீட்டர் என்று காட்டினாலும், பாறை அதைவிட மிக அருகில் இருக்கலாம்.

எனவே கண்ணாடி அணிபவர் அருகில் ஒரு துணையாள் நிற்க வேண்டும். அவர் வேடிக்கை பார்க்க வந்தவராக இல்லாமல், ட்ரோனை மட்டுமே கண்ணால் தொடர்ந்து, "இடப்பக்கம் மின்கம்பி", "பருந்து வருகிறது", "கீழே ஆட்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோரும் கண்ணாடி அணிந்தால் இத்தகைய துணையாளை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

விதிகள்

இந்தியாவில் ட்ரோன் விதிகள், 2021 நடைமுறைக்கு வந்தன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ வகைக்கும், வணிக நோக்கமற்ற மைக்ரோ வகைக்கும் ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. "250 கிராமுக்குக் குறைவு, எங்கும் பறக்கவிடலாம்" என்று சிலர் சொல்வது தவறு. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டாம். வரைபடத்தை ஒவ்வொரு முறையும் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்த்தாக வேண்டும்.

பச்சை மண்டலம் என்பதாலேயே கோயிலைப் படமெடுக்கலாம் என்று பொருளன்று. இக்குடைவரை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையின் அனுமதி தனியே தேவை. திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல், அனுமதி இருந்தாலும் கண்ணாடி அணிந்து பறக்கவிடுவதை நான் ஏற்க மாட்டேன். இறக்கை ஒன்று முறிந்தால் விழும் இடத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

கண்ணும் கண்ணாடியும்

புதிய வகைகளில் கிட்டப்பார்வைக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யும் வசதி உண்டு. காகிள்ஸ் 2இல் −8 முதல் +2 வரை. சிதறல் பார்வை உள்ளவர்களுக்குத் தனி வில்லை தேவைப்படும். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் சரிசெய்யாவிட்டால் தலைவலி வரும். முதல் நாளில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடம் பழகினால் போதும். நின்றுகொண்டு அணிபவர்கள் தடுமாறி விழுவதுண்டு.

பயன்படுத்தியபின் வில்லைப் பக்கம் வெயில் படும்படி கழற்றி வைக்கக் கூடாது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கும் அதே விளைவு உள்ளே உள்ள திரையில் நிகழும். கருகிய புள்ளி பின்னர் மறையாது. திரையை மாற்ற வேண்டியதுதான்.