செஞ்சியில் தந்த கவுலும் இன்றைய விசாவும்
இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

விசா என்னும் சொல்லை அறியாத வீடு இன்று நம் வட்டாரத்தில் இல்லை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் வேலை விசா, மேற்படிப்பு விசா, சுற்றுலா விசா ஆகிய மூன்றும் டீக்கடைப் பேச்சிலேயே அடிபடுகின்றன. நான்காவதாக ஒன்று உண்டு. ஒரு கம்பெனி தன் சொந்த ஊழியரையே வேறொரு நாட்டுக்கு அனுப்பி, அங்கே ஓர் அலுவலகத்தைத் திறக்கச் செய்வது. இதைக் கேட்பவர் தனி மனிதர் அல்லர். அவருக்காகக் கம்பெனி கேட்கிறது. இந்த வேறுபாட்டை அறியாததால் பணம் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே இதைப் பற்றிச் சிறிது விரிவாக எழுத எண்ணினேன்.

மேல்சித்தாமூர் என்றால் எல்லோருக்கும் சமண மடம்தான் நினைவுக்கு வரும். செஞ்சி என்றால் தேசிங்குராஜன் நினைவுக்கு வருவான். 2025-ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிறகு யுனெஸ்கோவும் சேர்ந்துகொண்டது. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகள் அலுவலகம் திறக்க அனுமதி கேட்டு வந்து நின்ற இடம் செஞ்சி என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1608-இல் டச்சுக் கம்பெனியார் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இறங்கினார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கு இது பொறுக்கவில்லை. நாயக்கருக்கும் மேலே இருந்த விஜயநகர வேந்தர் வேங்கடபதிராயரை அணுகி, அந்த இசைவு செல்லாதபடி செய்தார்கள். டச்சுக்காரர் 1610-இல் பழவேற்காட்டுக்குப் போய்த்தான் காலூன்ற முடிந்தது. கீழே கையெழுத்து ஆனாலும் மேலிடம் மறுக்கலாம் என்பது அன்றே இருந்த நடைமுறை!

இத்தகைய இசைவுச் சீட்டுக்குக் கவுல் என்று பெயர். 1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் சென்னைக்கான கவுலைப் பெற்ற பிரான்சிஸ் டே, அதுவரை அர்மகான் பண்டகசாலையில் இருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர். இன்றைய வழக்கில் சொன்னால், ஒரு கிளையிலிருந்து மாற்றப்பட்டுப் புதுக்கிளை திறக்க வந்தவர். அந்தக் கவுல் கம்பெனிக்குக் கோட்டை கட்டவும் வாணிகம் செய்யவும் உரிமை தந்தது. யார் யார் வரலாம், எத்தனை பேர் வரலாம், எத்தனை ஆண்டு தங்கலாம் என்று ஆள்வாரியாகக் கணக்கு வைத்தவர் எவரும் இல்லை.

1690-இல் நடந்தது இன்னும் சுவையானது. மராட்டிய அரசர் இராஜாராம் செஞ்சியில் இருந்த காலம் அது. தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரையுள்ள நிலமும் சேரும் என்பது உடன்படிக்கை. செப்டம்பரில் குண்டு சுடப்பட்டது. கடலூரும் பல கிராமங்களும் எல்லைக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் ஏற்பட்டது. இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எறிபொருளின் நெடுக்கம், காற்றுத் தடையை விட்டுவிட்டால், 45 பாகையில் மிகுதியாக இருக்கும். தொடக்கத் திசைவேகம் இரு மடங்கானால் நெடுக்கம் நான்கு மடங்காகும். எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து, எந்தக் கோணம் என்பதை உடன்படிக்கை வரையறுக்காதபோது, நிலத்தின் பரப்பை முடிவு செய்பவன் பீரங்கிக்காரனே. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த இடத்திலிருந்து ஆங்கிலேயர் எதுவரை போனார்கள் என்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

இன்று அரசாங்கங்கள் கம்பெனிக்கு ஓர் அனுமதி, ஆளுக்கு ஓர் அனுமதி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே தொடர்பு அலுவலகமோ கிளையோ திறக்க வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி வங்கி வழியாக அனுமதி பெறவேண்டும். தொடர்பு அலுவலகம் இங்கே பொருளீட்டக் கூடாது. கடிதப் போக்குவரத்தோடு நிற்க வேண்டும். 1996-இல் ஹூண்டாய் செய்தது போல இந்தியச் சட்டப்படி தனிக் கம்பெனியே தொடங்குவது மற்றொரு வழி. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. கொரிய அதிகாரிகளும் பொறியாளர்களும் குடும்பத்தோடு வந்தனர். இவ்வாறு வருவோருக்கு வேலை விசா வேண்டும். இந்தியரே செய்யக்கூடிய சாதாரண வேலைக்கு அது கிடைக்காது. ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது. தத்தம் நாட்டுச் சமையல் செய்பவர், ஆங்கிலம் அல்லாத மொழி ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு மட்டும் இந்தச் சம்பள வரம்பில் விலக்கு உண்டு. சமையற்காரருக்குச் சட்டம் காட்டும் பரிவு எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுச் சாப்பாடு இல்லாமல் எவனால் நெடுநாள் வேலை செய்ய முடியும்?

இனி, இங்கிருந்து போவோர். 1979-இல் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் நியூயார்க்கில் அலுவலகம் அமைக்க அனுப்பியது சு. இராமதுரை என்னும் தன் பொறியாளரைத்தான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் 1996-இல் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். அமெரிக்காவில் இத்தகைய மாற்றத்திற்கென்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய விசாவுக்கு எல்-1 என்று பெயர். அதில் நிர்வாகிகளுக்கு ஒரு பிரிவு. கம்பெனியின் தனிப்பட்ட தொழில்நுட்பம் அறிந்தவர்களுக்கு மற்றொரு பிரிவு. முதற்பிரிவினர் மொத்தம் 7 ஆண்டும், மற்றவர் 5 ஆண்டும் இருக்கலாம். போகிறவர் அதற்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாக அதே கம்பெனியிலோ அதன் கிளையிலோ வெளிநாட்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். இதுவே உயிர்நாடி. திறக்கப்போவது புது அலுவலகமானால் முதலில் ஓராண்டுக்குத்தான் அனுமதி. இடம் பிடித்தாகிவிட்டதா என்று காட்ட வேண்டும். ஓராண்டு முடிந்ததும் ஆட்கள் சேர்ந்தார்களா, வாணிகம் நடக்கிறதா என்று கணக்குக் காட்ட வேண்டும். வெறும் பெயர்ப்பலகையை நம்ப அவர்கள் ஆயத்தமாக இல்லை. பிரிட்டனும் 2022 ஏப்ரலில் இதுபோன்ற ஒரு விசாவைக் கொண்டு வந்தது; அதுவும் ஓராண்டுக்குத் தந்து மேலும் ஓராண்டு நீட்டிப்பதே.

இந்த ஏற்பாட்டில் ஊழியருக்கு ஒரு சங்கடம் உண்டு. எல்-1 விசா கம்பெனியோடு கட்டப்பட்டது. அந்த விசாவோடு வேறு கம்பெனிக்குத் தாவ இயலாது. வேலை போனால் அதிகமாகப் போனால் 60 நாள்தான் அங்கே தங்கலாம். மாற்றலாகிப் போகிறவருக்கும் அந்நாட்டுக் கூலிச் சட்டம் பொருந்தும் என்பதைச் சில முதலாளிகள் மறந்துவிடுகிறார்கள். 2013-இல் கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகருக்கு அலுவலகத்தை மாற்றிய ஒரு கம்பெனி, கணினிகளைப் பொருத்துவதற்காகப் பெங்களூரிலிருந்து தன் ஊழியர் 8 பேரை வரவழைத்தது. வாரத்துக்கு 122 மணி நேரம் வரை வேலை வாங்கிக்கொண்டு, இந்தியச் சம்பளத்தையே ரூபாயில் கொடுத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை கணக்குப் பார்த்தபோது மணிக்கு 1.21 டாலர் ஆயிற்று. அம்மாநிலக் குறைந்தபட்சக் கூலியோ அப்போது 8 டாலர்! 2014-இல் 40,000 டாலருக்கு மேல் நிலுவை தரச் செய்தார்கள், அபராதமும் விதித்தார்கள். அந்த எட்டுப் பேரும் படித்தவர்கள்தாம். உரிமை இன்னதென்று அறியாமலா இருந்தார்கள், அறிந்தும் வாய் திறக்க அஞ்சினார்களா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

நம் ஊர்ப்பக்கம் நடப்பது வேறு வகை. எங்கள் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டு ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "தம்பி, காலேஜ் படிக்கிறியே, இதுல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். எங்கள் வீட்டில் அதைப் படிக்க வேறு ஆள் இல்லை. ஒரு முகவர், ஏதோ ஒரு கம்பெனியின் ஊழியர் போல அவரைக் காட்டி, 'டிரான்ஸ்ஃபர் விசா'வில் அமெரிக்கா அனுப்புவதாகச் சொல்லி, நகையை அடகு வைக்கச் செய்து முன்பணம் வாங்கியிருந்தார். உறவினர் ஓட்டுவது டிராக்டர். அக்கம்பெனியில் அவர் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. தாளில் மட்டும் அவர் இரண்டாண்டு அனுபவம் உள்ள மேலாளர்! "மாமா, இதுல கையெழுத்துப் போட்டா மாட்டப்போறது நீங்கதான்" என்றேன். கையெழுத்துப் போடவில்லை, ஆனால் முன்பணம் இன்றளவும் திரும்பவில்லை.

பொய் ஆவணம் கொடுத்தது தூதரகத்தில் தெரிந்தால் விசா மறுப்போடு போவதில்லை. வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விழக்கூடும். உண்மையான கம்பெனி மாற்றத்தில் முகவருக்கு இடமே இல்லை, மனுப்போடுவது கம்பெனி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு, வரி தனி. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மைய அரசின் இ-மைகிரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். உறவினரிடம் வந்த முகவரிடம் அந்த எண்ணைக் கேட்டோம். மறுநாளிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.