உடன் பயில்வோர்

நன்னூல் என்னும் இலக்கண நூலை இயற்றிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டினர். எழுத்தும் சொல்லும் உணர்த்த வந்த அப்பெரியார், நூலின் முகப்பில் அமைந்த பொதுப்பாயிரத்தில், மாணாக்கனுக்குப் புலமை எவ்வாறு நிரம்புகிறது என்பதைக் கணக்கிட்டே கூறியுள்ளார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்டாலும் கால் பங்கே வாய்க்கும். ஒத்த மாணாக்கருடன் கலந்து பயிலுங்கால் மற்றொரு கால் பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப் பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். இலக்கணம் பயில்வார்க்குக் கூறிய இக்கணக்கு இயற்பியல் பயில்வார்க்கும் பொருந்துமா என வினவுவோர், தேர்வுக்கு முந்திய நாள்களில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு வீட்டுத் திண்ணையைச் சென்று காணலாம்.

வேலூரைச் சூழ்ந்து, பாலாற்றை ஒட்டியும் அதன் அருகிலும் அமைந்த இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. தோல் பதனிடும் ஆலைகளில் தந்தையரும், காலணித் தொழிற்சாலைகளில் தாய்மாரும் உழைக்கும் குடும்பங்கள் இங்கே பல. அத்தகைய பல வீடுகளில் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலைக் கையில் எடுக்கும் முதல் ஆள் அவ்வீட்டுப் பிள்ளையே. ஐயம் தோன்றினால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. தனிப்பயிற்சிக்குப் பொருள் இல்லை. அடுத்த தெருவில் வாழும் வகுப்புத் தோழனே அப்பிள்ளைக்குத் துணை.

மூவர் கூடியிருக்கின்றனர் என்க. பாடம், வட்ட இயக்கம். நீர் உள்ள வாளியைத் தலைக்கு மேலாக விரைந்து சுழற்றினால் நீர் கொட்டுவதில்லை. அஃது ஏன் என்பது வினா. ஒருவன் நூலில் உள்ள விடையை ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பிக்கிறான். “அவ்வாறாயின், நீர் மீது செயற்படும் விசைகள் எவை? படம் வரைந்து காட்டு” என்று மற்றவன் கேட்கிறான். ஒப்பித்தவன் திகைத்து, வாளியின் அடியை நோக்கி வெளிப்புறமாக ஓர் அம்புக்குறி இடுகிறான். அது எதனால் உண்டாகும் விசை என்று கேட்டால் அவனுக்கு விடை தோன்றவில்லை. ஒப்பித்தபோது மறைந்திருந்த குறையை ஒரு சிறு கேள்வி வெளிப்படுத்திவிட்டது. விடையை அப்படியே எழுதியிருந்தால் தேர்வில் அவன் முழு மதிப்பெண்ணும் பெற்றிருக்கக்கூடும் என்பதுதான் வருந்தத்தக்கது.

மூன்றாமவனின் தந்தை தோல் பதனிடும் ஆலையில் பணிபுரிபவர். அவன் வாளியை விடுத்து ஆலையில் கண்ட பொருளொன்றை எடுத்துக் காட்டுகிறான். தொழிலாளர் ‘டிரம்’ என வழங்கும் பெரிய மர உருளை, படுக்கை வாட்டில் அமைந்து அச்சின்மீது சுழல்வது. அதனுள்ளே தோலும் நீரும் பதனிடும் மருந்தும் இருக்கும். உட்சுவரில் பொருத்திய மர முளைகள் தோலை மேலே தூக்கிச் செல்லும்; ஓரளவு உயர்ந்ததும் தோல் சுவரை விட்டு நீங்கிக் கீழே விழும். இவ்வாறு எழுந்தும் விழுந்தும் புரள்வது, மருந்து தோலினுள் ஊறுவதற்குத் துணை செய்கிறது. உருளையை மிக விரைவாகச் சுழற்றினாலோ தோல் விழாது. சுவரோடு ஒட்டியே சுற்றி வரும். புரளுதல் நின்று வேலை கெடும்.

ஒட்டச் செய்வது வெளிப்புறம் தள்ளும் விசையன்று. இயங்கும் பொருள் நேர்கோட்டில் செல்லவே முயலும் என்பது நியூட்டன் வகுத்த முதல் விதி. அதனை வட்டப் பாதையில் வளைக்க, மையம் நோக்கிய விசை ஒன்று வேண்டும். உருளையின் உச்சியில் தோலின் எடையும் சுவர் தரும் அழுத்தமும் சேர்ந்து அவ்விசையைத் தருகின்றன. வேகம் குறையக் குறையச் சுவரின் பங்கு குறைந்து, ஓர் எல்லையில் சுழியாகும். அங்கே எடை ஒன்றே மையநோக்கு விசை. அவ்வெல்லையினும் வேகம் தாழ்ந்தால் எடை தேவைக்கு மிஞ்சியதாகித் தோலை வட்டத்தினின்று பிரித்து வீழ்த்தும். வாளி நீரின் கதையும் இதுவே.

உருளையின் ஆரம் 1.5 மீட்டர் எனக் கொண்டால், எல்லை வேகத்தின் வர்க்கத்தை 1.5 ஆல் வகுக்கப் புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8 வரவேண்டும். எனவே வர்க்கம் 14.7, வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 3.83 மீட்டர், நிமிடத்திற்கு 24 சுற்றுகளுக்குச் சற்று மேல். “ஆட்டுத்தோல் மெல்லியது, எருமைத்தோல் கனத்தது. எருமைத்தோலுக்கு இவ்வெல்லை மாறுமன்றோ?” என முதல்வன் கேட்கிறான். நல்ல கேள்வி. விளக்க வந்தவனும் சற்றுத் தயங்கித் தாளைப் பார்க்கிறான். நிறை இரு மடங்கானால் எடையும் இரு மடங்காகிறது. வளைப்பதற்கு வேண்டிய விசையும் இரு மடங்காகிறது. சமன்பாட்டின் இருபுறத்தும் நிறை நீங்கிவிட, எல்லை வேகம் மாறுவதில்லை. அதனை அவனும் அப்பொழுதுதான் உண்மையாகக் கற்றான். பவணந்தியார் கூறிய அரைப் பங்கு இதுவே. (உள்ளிருக்கும் நீரையும் முளைகளின் செயலையும் இக்கணக்கு விலக்கி வைத்துள்ளது, ஆலையில் தோலின் போக்கு இதனினும் சிக்கலானது.)

மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் இம்முறை தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்றதொன்று. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை மேற்பார்வையிடும் பொறுப்பேற்றார். அருகில் இருந்த நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே நடத்த விரும்பினார்; உதவி ஆசிரியர்களோ அதற்கு இணங்கவில்லை. ஆகவே, எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடமே இளையோர்க்கு எழுத்துக் கற்பிக்கும் பணியை ஒப்படைத்தார். பெல் தாயகம் திரும்பியபின் 1797-இல் வெளியிட்ட நூலால் இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் இளையோரைப் படிப்பித்த சட்டாம்பிள்ளைகளின் பெயர்களையோ எவரும் எழுதி வைக்கவில்லை.

சென்னை முறைக்கும் குறை உண்டு. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்கலாம் எனச் சிக்கனம் கருதி அதனை விரிவாக்கியபோது, சிறுவர் சிறுவர்க்கு ஒப்பிக்கக் கற்பித்தனரேயன்றி, ஏன் என்று கேட்கக் கற்பிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகவே அம்முறை மெல்ல மறைந்தது. திண்ணைக் குழுவிற்கும் இவ்விடர் உண்டு. மூவரும் ஒரே பிழையை நம்பினால் அஃது உறுதிப்பட்டுவிடும். வெளிப்புற அம்புக்குறியை மூவருமே இட்டிருந்தால் திருத்துவார் யார்? ஆதலின், ஒத்துக்கொண்ட விடையையும் மறுநாள் ஆசிரியரிடம் காட்டித் தெளிதல் வேண்டும். விடைத்தாளை வாங்கிப் படியெடுப்பவனுக்கோ எந்தக் குழுவும் பயன்படாது.

மூவரும் நூலை மூடும் வேளையில் முதல்வன் இன்னொன்று கேட்கிறான்: உருளை எல்லை வேகத்தில் பாதியளவே சுழன்றால், தோல் எவ்விடத்தில் சுவரை விட்டு நீங்கும்? வேகம் பாதியானால் வளைக்க வேண்டிய விசை நான்கில் ஒன்றாகும். மையம் நோக்கிய எடையின் கூறு அதற்கு ஈடாகும் இடத்தில், முளையில் வழுக்காமல் வந்த தோல் சுவரை விடும். அவ்விடம் அச்சிற்கு மேலே ஆரத்தின் கால் பங்கு உயரம், அதாவது 37.5 சென்டிமீட்டர். விடையைத் தாளில் குறித்துக்கொண்ட மூன்றாமவன், தன் தந்தை பணி முடிந்து வந்ததும் உண்மையில் தோல் எங்கே விழுகிறதென்று கேட்டறிவதாகச் சொல்லி எழுகிறான்.