மின்கருவிகளைக் கையாளும்போது

இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் காணிக்குத் திரும்பி வீடு கட்டத் தொடங்கும்போது, மண்வெட்டி பிடித்துப் பழகிய கைகளுக்கு றில் மெசின், கிறைண்டர், மின்வாள் என்பனவும் வந்து சேர்கின்றன. பெரும்பாலும் அவை இரவற் கருவிகள். மின்சாரமும் அயல்வீட்டிலிருந்து நீண்ட வயரில் வருகிறது. எனவே இவற்றிலுள்ள ஆபத்தை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். 500 வாற்று றில் மெசின் ஒன்று ஏறத்தாழ 2 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. இதில் எழுபதில் ஒரு பங்கான 30 மில்லி அம்பியர் எமது உடலினூடாகப் பாய்ந்தாலே உயிராபத்து ஏற்படலாம். அதனிலும் குறைந்த மின்னோட்டத்தில் தசைகள் இறுகி, பிடித்த கருவியை விட முடியாமற் போகும். இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்குப் பியூஸ் எரியாது. அது வயரைக் காப்பதற்கே உள்ளது. ஆளைக் காப்பது 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் மின் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அந்த இணைப்பில் வேலை செய்யக் கூடாது.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. தொடங்குமுன் வயரை நுனிவரை பாருங்கள். வெட்டு, வெடிப்பு இருந்தால் ரேப் சுற்றிச் சமாளிக்காமல் வயரை மாற்றுங்கள். பிளக் இல்லாமல், சீவிய வயரைத் தீக்குச்சியால் சொக்கெற்றில் இறுக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

2. சுருளில் உள்ள நீட்டு வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்டபடி பயன்படுத்தினால் அது சூடேறி உருகும். சேற்றிலும் நீரிலும் வயரைப் போடாமல் கவர்த்தடிகளில் தூக்கிவிடுங்கள்.

3. உலோக உடலுள்ள கருவிக்குப் புவிக்கம்பி கட்டாயம் தேவை. பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டாதீர்கள். சதுரத்துள் சதுரம் பொறித்த கருவிகளுக்கு மட்டும் புவிக்கம்பி தேவையில்லை.

4. ஈரக்கையுடனோ வெறுங்காலுடனோ வேலை செய்யாதீர்கள். மழை தூறினால் நிறுத்துங்கள்.

5. அலகையோ தட்டையோ மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். கிறைண்டரின் காப்பு மூடியை அகற்றாதீர்கள், கண்ணாடி அணியுங்கள். தொங்கும் சாரம், சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றைக் கருவி இழுத்துவிடும்.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகையில் நின்று, உலர்ந்த தடியால் வயரை விலக்குங்கள். மூச்சு இல்லையெனில் உடனே நெஞ்சின் நடுவில் வேகமாகவும் அழுத்தமாகவும் விடாது அழுத்துங்கள். மற்றொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கட்டும். எழுந்து நடந்தாலும் அவரை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ட்றிப் சுவிச் வாங்குவது தனிக் குடும்பத்துக்குச் சுமையாக இருக்கலாம். ஊர்ச் சங்கமாகச் சேர்ந்து, ட்றிப் சுவிச் பூட்டிய நீட்டு வயர் ஒன்றைத் தகுதியுள்ள மின்வேலையாளரைக் கொண்டு செய்விக்கலாம். கருவி இரவல் போகும் வீட்டுக்கு அதுவும் கூடவே போகட்டும்.