ஏரிக் கரையில் கல் பொறுக்கலாம், வாருங்கள்!

கல் பொறுக்குவது நமக்குப் புதிதா என்ன? முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, அரிசியில் கிடக்கும் கல்லையும் நெல்லையும் எத்தனை வருஷம் பொறுக்கியிருக்கிறோம்! அதே கண், அதே கைதான் இதற்கும் வேண்டும். ஒரே வித்தியாசம், இங்கே கல்லை எறிய வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

"வேலையில்லாதவர்கள் செய்கிற வேலை" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. கைக்குழந்தையோடு நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கும் இளம் தாய்மார்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரசவம் பார்க்கச் சீமைக்குப் போகப் போகிற அம்மாமார்களும் படிக்கலாம்.

என் பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக டிசம்பர் முதல் ஜூன் வரை அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். டிராவர்ஸ் சிட்டி என்று ஊர். சிகாகோவிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர் மிச்சிகன் ஏரியின் ஒரு விரிகுடாவை ஒட்டியே இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். நீளம் சுமார் 494 கிலோமீட்டர், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்! அகலமான இடத்தில் 190 கிலோமீட்டர். அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும். வாயில் வைத்துப் பார்த்தால்தான் உப்பில்லை என்று தெரியும்.

வெளியே போக ஒரு சாக்கு

ஜனவரியில் பேத்தி பிறந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. மாப்பிள்ளை விடியுமுன்னே வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பெரியவனுக்கு ஐந்து வயது. அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டால் நானும் என் பெண்ணும் குழந்தையும்தான். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல் ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் நாளாக ஆக என் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டே போனாள். குழந்தைக்குப் பால் கொடுப்பாள். ஜன்னல் வழியே பனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்லைம்மா" என்பாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கவில்லை.

இரண்டாம் மாதம் குழந்தைக்கு ஊசி போடப் போனபோது தாய்க்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். அதைப் படித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்துப் பேசினார். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு என்றார். மருந்து எழுதினார், வாரம் ஒரு நாள் ஆலோசகரிடம் பேசவும் ஏற்பாடு செய்தார். "பனி விட்டதும் தினமும் கொஞ்ச நேரம் வெளியே நட" என்றும் சொல்லி அனுப்பினார்.

நட என்றால் எங்கே நடப்பது? "சும்மா எதுக்கும்மா நடக்கணும்? நீ மட்டும் போயிட்டு வா" என்பாள். ஏப்ரல் கடைசியில் கரையோரப் பனிக்கட்டி கரைந்ததும் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு யோசனை சொன்னார்: "ஏரிக்குப் போங்கள். குளிர்காலத்துப் பனிக்கட்டி கரையைப் புரட்டிப் போட்டிருக்கும். புதுக் கல் அகப்படுகிற சமயம் இதுதான்."

எதைத் தேடுவது?

முதலில் தேட வேண்டியது பெட்டாஸ்கி கல். வடக்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் பெட்டாஸ்கி என்ற ஊர் இருக்கிறது. ஒடாவா என்னும் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரால் வந்த ஊர்ப்பெயர் அது. ஊரின் பெயர் கல்லுக்கும் வந்துவிட்டது. 1965-ல் இதை மிச்சிகனின் மாநிலக் கல்லாகவே அறிவித்தார்கள்.

இது உண்மையில் கல்லாகிப்போன பவளம். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அந்த இடமெல்லாம் வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல். அதில் கூட்டம் கூட்டமாக வாழ்ந்த பவளப் பூச்சிகளின் கூடுகள் மண்ணில் புதைந்து சுண்ணாம்புக் கல்லாகிவிட்டன. வெகுகாலத்துக்குப் பிறகு மலைபோல நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் அந்தப் பாறையைப் பெயர்த்து உருட்டிக் கரையெங்கும் பரப்பின. நம் பூஜையில் வைக்கும் சாளக்கிராமமும் இப்படித்தானே! கண்டகி நதியில் கிடைக்கும் அதுவும் பழைய கடல் பிராணி ஒன்று கல்லான உருவம்தான்.

உலர்ந்திருக்கும்போது பெட்டாஸ்கி கல் வெறும் சாம்பல் நிறக் கூழாங்கல். தண்ணீர் பட்டவுடன் பாருங்கள்! தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்புப் பொட்டு, அதிலிருந்து கதிர் கதிராய்க் கோடுகள். ஆகவே அலை நனைத்துவிட்டுப் போகிற விளிம்பில் தேடுங்கள். அல்லது ஒரு பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு சந்தேகப்பட்ட கல்லின் மேல் தெளித்துப் பாருங்கள்.

இதைவிடப் பொடிக் கட்டங்களாக இருந்தால் சார்லவாய் கல். அதுவும் பவளம்தான், வேறு ஜாதி. பாசிமணி போல நடுவில் துளையோடு சின்னச் சின்ன வட்டுகள் கிடைத்தால் அவை கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள். பெயர்தான் அல்லி; உண்மையில் நட்சத்திர மீனுக்கு உறவான பிராணி. என் பேரன் இவற்றைத்தான் தேடித் தேடிச் சேர்த்தான். "பாட்டி, மணி! மணி!" என்று கத்திக்கொண்டே ஓடி வருவான்.

குப்பையில் பிறந்த மாணிக்கம்

அடுத்தது ஏரிக் கண்ணாடி. உடைந்த பாட்டில்தான். ஏரியில் விழுந்த கண்ணாடித் துண்டு பல பத்தாண்டுகள் மணலிலும் கல்லிலும் உருண்டு உருண்டு, கூர் மழுங்கி, கற்கண்டு போல மங்கலாகிவிடுகிறது. வெள்ளை, பழுப்பு, பச்சை சுலபமாகக் கிடைக்கும். இளம் ஊதா கிடைத்தால் அது முதல் உலகப் போர்க் காலத்துக்கு முந்தியதாக இருக்கலாம். அந்நாளில் கண்ணாடி தெளிவாக இருக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள். வெயில் பட்டுப் பட்டு அது ஊதாவாக மாறிவிடும். சிவப்பு மிக அபூர்வம்.

லேலண்ட் என்ற சிற்றூர்க் கரையில் குமிழிக் குழிகளோடு நீலக் கல் கிடைக்கிறது. அது கல்லுமல்ல, பாட்டில் கண்ணாடியுமல்ல. 1870-களிலும் 80-களிலும் அங்கே இரும்பு உருக்கினார்கள். அந்த உலையின் கசடை ஏரியில் கொட்டினார்கள். அதையே இன்று மோதிரத்தில் பதித்து விற்கிறார்கள்!

மே மாதத்தில் ஒரு நாள் என் பெண் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். ஆழ்ந்த நீலம். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நம்ம வீட்டு விக்ஸ் டப்பா கலரு" என்றாள். "சளி புடிச்சா நெஞ்சுல தேய்ச்சிட்டு, போர்வைக்குள்ள படுக்க வெச்சுக் கதை சொல்லுவியே..." அவளாகவே ஆரம்பித்துப் பேசியது அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காருக்கு வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் "உம்" கொட்டிக்கொண்டே நடந்தேன்.

பிறகு விசாரித்தால், நீலத் துண்டுகளில் பல பழைய விக்ஸ் ஜாடியும் மில்க் ஆஃப் மக்னீஷியா பாட்டிலும்தானாம். இப்போது அங்கே அவை பிளாஸ்டிக்கில் வருகின்றன. அதனால் நீலத் துண்டுக்குக் கிராக்கி.

கல் பொறுக்கி வியாதி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். டாக்டரும் மருந்தும்தான் அவளைத் தேற்றின. ஆனால் டாக்டர் சொன்னபடி தினமும் வெளியே போக இந்தக் கல் ஒரு சாக்காக இருந்தது. பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவனிக்க வேண்டியவை

* பிரசவமான உடம்பு, அதுவும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் அனுமதி கொடுத்த பிறகே கரைக்குப் போகலாம். இடுப்பை வளைத்துக் குனிந்து குனிந்து எடுக்காதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து தேடுங்கள். கல் பையின் கனத்தையும் கவனியுங்கள்.

* சின்னக் குழந்தைகளுக்குப் பொடிக் கல்லும் மணியும் ஆபத்து. டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டவிடக் கூடாது.

* ஏரிதானே என்று ஏமாறாதீர்கள். வசந்த காலத்தில் தண்ணீர் ஐஸ் போலிருக்கும். உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு. அலை பெரிதாக இருக்கும் நாளில் கற்சுவர்ப் பாலத்தின் மேல் நடக்கக் கூடாது. குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

* பளபளப்பும் கூரும் போகாத கண்ணாடி பதம் வராத கண்ணாடி. அதைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகளுக்கு உபகாரம்.

* சட்டமும் உண்டு. மிச்சிகனில் அரசு நிலத்திலிருந்தும் ஏரியின் அடித்தரையிலிருந்தும் ஒருவர் ஒரு வருஷத்துக்கு 25 பவுண்டுக்கு மேல் கல் எடுக்கக் கூடாது, அதாவது சுமார் 11 கிலோ. 2015-ல் ஒருவர் 93 பவுண்டு பெட்டாஸ்கி கல் ஒன்றைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். அரசு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஸ்லீப்பிங் பேர் ட்யூன்ஸ் தேசிய ஏரிக்கரையில் ஒரு கல்கூட எடுக்கக் கூடாது. அங்கே பார்த்து ரசித்துவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் மெருகேற்றுவது

பெட்டாஸ்கி கல் மிருதுவானது. மெஷின் இல்லாமல் கையாலேயே மெருகேற்றலாம். தண்ணீரில் நனையும் உப்புத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் 220 நம்பர் தாளில், கல்லையும் தாளையும் நனைத்துக்கொண்டு, கீறல் மறையும் வரை தேய்க்க வேண்டும். கழுவிவிட்டு 400, பிறகு 600. ஈரத்திலேயே தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது. கடைசியில் ஈரமான வெல்வெட் துணியில் பாலிஷ் பவுடர் வைத்துத் தேய்த்தால் பளபளப்பு நிற்கும். ஒரு கல்லுக்கு இரண்டு மூன்று மத்தியானம் ஆகும். குழந்தை தூங்குகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

ஒன்று முக்கியம். பித்தளைப் பாத்திரம் போலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். வினிகரும் கூடாது. சுண்ணாம்புக் கல்லாயிற்றே, புளிப்பு அரித்துவிடும்.

சேர்க்கச் சேர்க்க வீடு கல் குவாரி ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். என் பெண் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். எத்தனை பொறுக்கினாலும் காரில் ஏறுமுன் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். மற்றதெல்லாம் திரும்ப ஏரிக்கே. அந்த ஒன்றைக் காலி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பாள். தண்ணீரில் கட்டங்கள் பளிச்சென்று தெரியும். எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை நாள் வெளியே போயிருக்கிறாள் என்று கணக்கு. நான் ஊருக்குக் கிளம்பியபோது 19 இருந்தன. இப்போது போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்தபடியாக "பாட்டில்ல எத்தனை ஆச்சு?" என்றுதான் கேட்கிறேன்.