இணைய விளம்பரமும் திறவுச்சொல் தேர்வும்

ஈரோடு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மஞ்சளைப் பயிரிடும் விவசாயிகள் சிலர் ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து, தாங்களே அரைத்துப் பொட்டலமிட்டு விற்க முன்வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் தேடுபொறியில் விளம்பரம் செய்யலாமே என்று யாரேனும் யோசனை கூறுவர். நல்ல யோசனைதான். ஆயினும், செலவாவது அங்கத்தினர்கள் பங்குத் தொகையாகச் செலுத்திய பணம். அது எவ்வழியில் செலவாகிறது என்பதை நிர்வாகக் குழுவினர் அறிந்திருத்தல் அவசியம்.

கூகுள் நிறுவனம் இவ்விளம்பர முறையை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. எச்சொல்லைத் தேடுவோருக்கு நமது விளம்பரம் தோன்ற வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கிறோமோ, அச்சொல்லே திறவுச்சொல் எனப்படும். வியாபாரிகள் இதைக் ‘கீவேர்டு’ என்பர். விளம்பரம் கண்ணில் படுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. பார்த்தவர் அதை விரலால் தொட்டால் கட்டணம் உண்டு. தொட்டவர் பொருளை வாங்கினாரா இல்லையா என்பது நம் கவலையே ஒழிய, கூகுளின் கவலையன்று.

இனி ‘மஞ்சள்’ என்ற ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தால் என்னவாகும்? மஞ்சள் காமாலைக்கு மருந்து தேடுபவரும் அச்சொல்லை எழுதுகிறார். மஞ்சள் பட்டுப்புடவை தேடும் பெண்மணியும், மஞ்சள் பை தைப்பவரைத் தேடும் கடைக்காரரும் எழுதுகின்றனர். நம்மைப் போலவே மஞ்சள் விளைவித்து, சந்தை நிலவரம் அறிய விரும்பும் விவசாயியும் எழுதுகிறார். நாளொன்றுக்கு 300 ரூபாய் ஒதுக்கி, ஒரு தொடுதலுக்கு 10 ரூபாய் ஆகுமானால், 30 பேருக்குள் பணம் தீர்ந்துவிடும். அவர்களில் மஞ்சள் தூள் வாங்க வந்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

இதைக் கட்டுப்படுத்துவதற்கு மூன்று வகைப் பொருத்தங்கள் உள்ளன. அடையாளம் ஏதுமின்றி எழுதினால் அது பரந்த பொருத்தம். தொடர்புடையவை என்று இயந்திரம் கருதும் தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் தோன்றும். இரட்டை மேற்கோள் குறிக்குள் "ஈரோடு மஞ்சள் தூள்" என்று எழுதினால் அது சொற்றொடர்ப் பொருத்தம். அப்பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் தோன்றும். சதுர அடைப்புக்குள் [மஞ்சள் தூள் மொத்த விற்பனை] என்று எழுதினால் அது துல்லியப் பொருத்தம். பெயர் துல்லியமானாலும், அதே கருத்துடைய வேறு சொற்களுக்கும் 2018 முதல் இது இடமளிக்கிறது. கூட்டல் குறியிட்டு எழுதும் நான்காவது வகை ஒன்று இருந்தது. அது 2021-இல் கைவிடப்பட்டது. பழைய பாடங்களைப் படித்தோர் இதைக் கவனிக்கவும்.

துல்லியப் பொருத்தமே சிக்கனமானது என்று தோன்றலாம். ஆனால் மிகச் சிலரே தேடும் சொற்களைக் கூகுள் செயலற்றவையாக நிறுத்தி வைக்கிறது. நீண்ட தமிழ்த் தொடர்களுக்கு இந்நிலை நேரக்கூடும். பரந்த பொருத்தமோ, விற்பனை விவரங்களை இயந்திரத்திற்குத் தொடர்ந்து அளிப்பவர்களுக்கே ஏற்றது. தொலைபேசியில் கேட்டு, பார்சலில் அனுப்பும் சிறு நிறுவனத்திடம் அவ்விவரம் அநேகமாக இராது. ஆகையால் சொற்றொடர்ப் பொருத்தத்தில் தொடங்குவதே உசிதம் என்பது எமது கருத்து.

அதனினும் முக்கியமானது விலக்குச் சொற்களின் பட்டியல். களையெடுப்பது போன்ற வேலை இது. ‘காமாலை’, ‘புடவை’, ‘நன்மைகள்’ முதலியவற்றை விலக்கினால், அச்சொற்கள் உள்ள தேடல்களுக்கு விளம்பரம் தோன்றாது. இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விலக்குச் சொல், எழுதிய வடிவத்தை மட்டுமே பொதுவாக விலக்கும். ஒத்த பொருளுடைய சொற்களையோ, ஒருமை பன்மை வேறுபாட்டையோ தானாக உணராது. நம் மொழியிலோ வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வடிவமே மாறிவிடுகிறது. எனவே ‘காமாலை’, ‘காமாலைக்கு’ என இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். ‘விலை’ என்ற சொல்லை விலக்கிவிடக் கூடாது. வாங்குபவரும் விலை கேட்பார் அல்லவா? ‘விலை நிலவரம்’ என்று சேர்த்து எழுதினால், இரு சொற்களும் உள்ள தேடல் மட்டுமே விலக்கப்படும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று குறித்தாலும், சில நாட்களில் 600 ரூபாய் வரை செலவாகலாம். மாத முழுமைக்கும் 30.4 மடங்கு, அதாவது 9,120 ரூபாய்க்கு மேல் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. முதல் வாரத்தில் கணக்கைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

மக்கள் எழுதித் தேடிய சொற்களைக் காட்டும் அறிக்கை ஒன்று விளம்பரக் கணக்கிலேயே கிடைக்கும். வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, வேண்டாத சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்து வரலாம். மிகச் சிலரே எழுதிய தேடல்கள் அதில் இடம்பெறுவதில்லை. ஆதலால் தொலைபேசியில் விசாரிப்பவர்களிடம், "என்னவென்று எழுதித் தேடினீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வது உபயோகமாக இருக்கும்.