ஓசி கேரக்டருக்கு ஓசியில் கஷ்டம் கிடைக்காது

முதல்லயே ஒரு விளக்கம். இந்தக் கட்டுரையில 'ஓசி'ன்னா கேன்டீன்ல அடுத்தவன் காசுல குடிக்கிற டீ இல்ல. ஒரிஜினல் கேரக்டர் என்பதோட சுருக்கம். டிஸ்கார்ட், வாட்ஸ்அப் குரூப்கள்ல ரோல்பிளே ஆடறவங்களுக்கு இது பழகின வார்த்தை. மத்தவங்களுக்காகச் சொல்றேன்: அனிமேலயோ கேம்லயோ ஏற்கெனவே இருக்கிற ஆளை எடுத்துக்காம, பேர், ஊர், வயசு, வரலாறு எல்லாத்தையும் நாமே எழுதி ஒரு ஆளை உருவாக்கணும். அப்புறம் அந்த ஆளாவே பேசணும். எதிர்ல இன்னொருத்தர் அவங்க ஆளா பதில் போடுவாங்க. கதை எங்க போய் முடியும்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. சுவாரசியமே அதுலதான்.

என்னோட முதல் ஓசிக்கு வெள்ளி நிறக் கண்ணு. ஏழு மொழி தெரியும். வாள் சண்டையில தோல்வியே கிடையாது. மூணே நாள்ல குரூப்ல யாரும் அவன்கிட்ட பேசறதை விட்டுட்டாங்க. பேச என்ன இருக்கு? எந்தப் பிரச்சினை வந்தாலும் அவனே முடிச்சிடுவான், மத்தவங்க நின்னு கைதட்டணும். இந்த வியாதிக்கு உலகம் முழுக்க ஒரு பேரு இருக்கு: மேரி சூ. 1973ல பவுலா ஸ்மித்னு ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகை, இப்படிப்பட்ட கதைகளைக் கிண்டல் பண்ணி எழுதின ஒரு குட்டிக்கதையோட நாயகி பேரு அது. பதினஞ்சரை வயசுலயே லெஃப்டினன்ட், எல்லாத்துலயும் கெட்டிக்காரி. ஐம்பது வருஷம் கழிச்சு நான் அதையே சீரியஸா எழுதியிருக்கேன்!

சரி, பாடம் கத்துக்கிட்டேன்னு நெனச்சு ரெண்டாவது ஓசியை நேர் எதிரா எழுதினேன். கல்வராயன் மலைப் பையன். பேரு அண்ணாமலை. அப்பா கள்ளச்சாராயத்துல செத்துட்டார், அம்மாவும் இல்ல, தங்கச்சியையும் பறிகொடுத்தவன், அதனால யாரையும் நம்ப மாட்டான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல இறந்தாங்க இல்லையா, அந்தச் செய்தி மனசுல இருந்த நேரம். ஒரே வரியில அதைத் தூக்கி பையோவுல போட்டேன்.

குரூப்ல ஒரு தோழிக்கு கள்ளக்குறிச்சி பக்கம்தான் ஊர். அவ திட்டல. மூணு கேள்விதான் கேட்டா. "அப்பா செத்த அன்னைக்கு இவன் எங்க இருந்தான்? அதுக்கப்புறம் வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்துச்சு? இப்ப யாராவது குடிச்சிட்டு இவன் பக்கத்துல வந்து உக்காந்தா என்ன பண்ணுவான்?" என்கிட்ட ஒண்ணுக்கும் பதில் இல்ல. "அப்புறம் எதுக்குடா அந்தச் சாவை எடுத்த?"

அந்தக் கேள்வியோட தான் நான் கொஞ்ச நாள் சுத்திக்கிட்டு இருந்தேன். விடை தேடிப் போனா, அவ மாவட்டத்துலயே பாதி விடை இருந்துச்சு.

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்துல இருக்கிற கூவாகம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சித்திரை மாசம் கூத்தாண்டவர் கோயில் திருவிழா, பதினெட்டு நாள். கூத்தாண்டவர்தான் அரவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்தவன். பாரதப் போர்ல பாண்டவர் ஜெயிக்க ஒரு களப்பலி வேணும், சாமுத்ரிகா லட்சணம் முப்பத்திரண்டும் பொருந்தின ஆளா இருக்கணும். அப்படி இருக்கிறது மூணே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் ரெண்டு பேரும் போருக்கு வேணும். மிச்சம் யாருன்னு சொல்லத் தேவையில்ல.

இதைக் கவனிங்க. உடம்புல ஒரு குறைகூட இல்லாத ஆள், அந்தக் குறை இல்லாததாலேயே பலிபீடத்துக்குப் போறான். என் வெள்ளிக்கண்ணனுக்கு நான் குடுத்த அதே முப்பத்திரண்டு லட்சணம்தான். ஆனா அங்க அது பரிசு இல்ல, விலை. அதுக்கப்புறம் அரவானை மனுஷனாக்கறது அவனோட தியாகம்கூட இல்ல, அவன் கேக்கற வரம். கல்யாணம் ஆகாம சாக மாட்டேங்கறான். நாளைக்குச் சாகப்போறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? கிருஷ்ணனே மோகினியா வந்து ஒரு ராத்திரி மனைவியா இருக்கார். அதனாலதான் இன்னைக்கும் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் கூவாகத்துல தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் அதை அறுத்து, வளையலை உடைச்சு, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறாங்க. ஜெயிச்ச பாண்டவங்களுக்காக அங்க யாரும் அழறதில்ல. ஆசைப்பட்டு, பேரம் பேசி, ஒரு நாள் வாழ்ந்துட்டுப் போனவனுக்காகத்தான் அழறாங்க.

கஷ்டம்னா நடந்தது. குறைன்னா அதனால இவன் செய்யறது. இந்த வித்தியாசம் எனக்குப் புரிஞ்சது கர்ணனால. வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்துல 'கர்ண மோட்சம்' அடிக்கடி ஆடற கதை. ஆத்துல விடப்பட்ட குழந்தை, தேரோட்டி வளர்த்த பிள்ளை, போற இடமெல்லாம் குலம் கேட்டு அவமானம். இது அவனுக்கு நடந்தது. அந்த அவமானத்தைத் துடைச்சு அங்க நாட்டை ராஜ்ஜியமா குடுத்தவன் துரியோதனன். அதனால கர்ணன் செய்யறது என்ன? நண்பன் தப்பு பண்றான்னு தெரிஞ்சும் விட்டுப் போக மாட்டான். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தப்போ தடுக்கல, வாய்க்கு வந்தபடி பேசவும் பேசினான். கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாது, அதனால கவச குண்டலத்தையே இந்திரன்கிட்ட அறுத்துக் குடுத்தான். அவனோட நல்ல குணமும் கெட்ட குணமும் ஒரே வேர்ல இருந்து வருது. கஷ்டத்தை எடுத்துட்டா குறையும் போயிடும், கொடையும் போயிடும், கதையே போயிடும்.

கூத்துல இன்னொரு விஷயம். வேஷக்காரர் திரைக்குப் பின்னாடி இருந்து வந்ததும் கட்டியக்காரன் விடமாட்டான். நீ யாரு, எங்கிருந்து வர்றேன்னு நோண்டுவான், நக்கல் அடிப்பான். ராஜாவா இருந்தாலும் பதில் சொல்லியாகணும். நம்ம குரூப்ல பையோவை அட்மின் 'அப்ரூவ்'னு ஒரே வார்த்தையில தள்ளி விடறாரு. என் தோழி அன்னைக்குப் பண்ணினது கட்டியக்காரன் வேலை. ஒவ்வொரு குரூப்லயும் அப்படி ஒருத்தராவது வேணும்.

நம்ம பாஷையில சொல்லணும்னா, ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். அகலமான தகட்டுல சின்னதா ஒரு வட்ட ஓட்டை போட்டு இழுத்தா, ஓட்டையோட விளிம்புல மட்டும் ஸ்ட்ரெஸ் சராசரியைவிட மூணு மடங்கு ஏறும். 1898லயே கிர்ஷ் கணக்குப் போட்டுக் காட்டிட்டார். லோடுதான் கஷ்டம், ஓட்டைதான் குறை. லோடு ஒரு பக்கமும் ஓட்டை சம்பந்தமே இல்லாத இன்னொரு தகட்டுலயும் இருந்தா எதுவும் நடக்காது. என் அண்ணாமலை அப்படித்தான் இருந்தான். அப்பா சாவு ஒரு தகடு, 'யாரையும் நம்ப மாட்டான்' இன்னொரு தகடு.

ரோல்பிளே விளையாட்டுகளை வடிவமைச்சவங்களுக்கும் இது ரொம்ப நாள் தலைவலியாதான் இருந்திருக்கு. 1974ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தப்போ கேரக்டர்னா பலம், அறிவு மாதிரி சில எண்கள். 1981ல வந்த சாம்பியன்ஸ் விளையாட்டு ஒரு குறையை எடுத்துக்கிட்டா கூடுதல் பாயின்ட் குடுத்துச்சு. நம்மாளுங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியாதா? கதை முழுக்க பாலைவனத்துல நடக்கும், ஆனா குறை 'நீச்சல் தெரியாது'ன்னு இருக்கும். பிளேஸ்மென்ட் இன்டர்வியூல "உங்க வீக்னஸ் என்ன"ன்னு கேட்டா "நான் ரொம்ப கடுமையா உழைச்சிடுவேன் சார்"னு சொல்ற அதே டெக்னிக். 2014ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புல குறையை எழுத ஷீட்லயே தனி இடம் உண்டு. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் அந்தக் குறைப்படி நடந்தா, ஆட்டத்தை நடத்தறவர் ஒரு சின்ன சலுகை குடுக்கலாம். எனக்கு இந்த முறைதான் பிடிச்சிருக்கு. குறையை வெச்சிருக்கிறதுக்கு இல்ல, அதை ஆடறதுக்குத்தான் கூலி.

ஒரு எச்சரிக்கை. "என் கேரக்டர் கோபக்காரன், அதான் திட்டினேன்"னு எதிர்ல இருக்கிற ஆளைப் புண்படுத்தறவங்க எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பாங்க. குறையோட அடி முதல்ல உங்க கேரக்டர் மேல விழணும்.

இப்ப அண்ணாமலைக்கு வர்றேன். அவனை அழிக்கல, திருத்தினேன். முதல்ல அப்பாவோட சாவை எடுத்தேன். செத்துப்போன அப்பா எழுதறவனுக்கு ரொம்ப வசதி, சாப்பாடு போட வேணாம், பதில் பேச மாட்டார். ஆனா மெத்தனால் எல்லாரையும் கொல்றதில்ல. உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி கண் நரம்பைத் தாக்கும். பிழைச்சாலும் பார்வை போகலாம். பார்வை போன அப்பாவைத் தினமும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அந்தக் கஷ்டம் முடியறதே இல்ல. ஆனா இதையும் கடைசியில நான் வெச்சுக்கல. அந்தத் தெருக்கள்ல இன்னும் ஆறாத ரணம் அது, என் ஹீரோவுக்கு எடை கூட்டறதுக்காக அதை எடுக்க எனக்கு மனசு வரல. இதுல மத்தவங்க வேற மாதிரி நினைக்கலாம்.

மலையைப் பத்திக் கொஞ்சம் படிச்சேன். கல்வராயன் மலை ரொம்ப காலம் ஜாகீர்தார்கள் கையில இருந்துச்சு. நாடு சுதந்திரம் அடைஞ்சும் அது முழுசா முடியல. 1976லதான் அரசு கைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் மலையாளி பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கட்டி, கூலி இல்லாம வேலையும் செய்யணும். 1976ன்னா நம்ம தாத்தா பாட்டி காலம். சாலை, ஆஸ்பத்திரி எல்லாம் இன்னும் போதாம கிடக்குன்னு 2024ல சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு.

அண்ணாமலையோட தாத்தா ஜாகீர் நிலத்துல கூலியில்லாம உழைச்சவர். ஓசியா எதையாவது வாங்கினா நாளைக்கு அதுக்கு உழைச்சுத் தீர்க்கணும்னு அவருக்கு ஒரு பயம். அந்தப் பயம் பேரன் வரைக்கும் வந்திருக்கு. அண்ணாமலை யார்கிட்டயும் உதவி கேக்க மாட்டான். டீ வாங்கிக் குடுத்தாக்கூட மறுநாள் பத்து ரூபாயைக் கையில திணிச்சிடுவான். பாக்க ரோஷக்காரன் மாதிரி இருக்கும். ஆனா தன்கிட்ட இருக்கிற பிரச்சினையையும் வெளியில சொல்ல மாட்டான். வெள்ளிமலையில இருந்து கச்சிராயபாளையத்துக்கு ஜீப் ஓட்டறான், பிரேக் ரெண்டு நாளா சரியில்ல, மெக்கானிக்குக் குடுக்கக் காசில்ல, கடன் கேக்கவும் வாய் வரல.

போன வாரம் அந்த சீனை ஆடினோம். தோழியோட கேரக்டர் ஒரு நர்ஸ். ராத்திரி, பிரசவ வலியில ஒரு பொண்ணு, இருக்கிறது இவன் ஜீப் ஒண்ணுதான். பழைய அண்ணாமலையா இருந்தா ஹீரோ மாதிரி பறந்திருப்பான். இவன் மூணாவது வளைவுல வண்டியை பாறையோரம் ஒட்டி நிறுத்திட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே உக்காந்துட்டான். யாருக்கும் அடி இல்ல. ஆனா கீழ போக இன்னும் பாதி மலை இருக்கு.

நர்ஸ் டைப் பண்ணினா: "ரெண்டு நாளா தெரியும் உனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேற வண்டி பாத்திருப்போம் இல்ல?"

இருபது நிமிஷம் ஆச்சு எனக்கு, அவனுக்கு ஒரு பதில் கண்டுபிடிக்க.