இரைச்சலை அடைக்க ஒரு பெட்டி

நிலாக் காலத்து இரவுகளில் வாவியிலே தோணியை நிறுத்தி, மீன் பாடும் ஓசைக்குச் செவி சாய்ப்பது கல்லடிப் பகுதிக்கே உரிய பெருமை. அத்தகைய ஊரிலே, மேசைமீது அமரும் சிறியதொரு மரஞ்செதுக்கும் இயந்திரம் இடும் கூச்சலை என்னென்பது!

சி.என்.சி. என வழங்கும் இவ்வியந்திரம், எண்களாலான கட்டளைப்படி வெட்டலகை நகர்த்துவது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதன் முன்னோடியை இயக்கிக் காட்டியபோது, கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. அதன் பேரப்பிள்ளை இன்று நம் வீட்டு மூலையில் அடங்கிவிட்டது.

அடங்கியது உருவந்தான், ஒலியன்று. முதல் வாரத்திலேயே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை புத்தகங்களுடன் அயல்வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அம்மம்மாவுக்கு இருமல் கண்டது. இருமலே நம்மைக் கலங்கச் செய்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வெளியிட்ட நூலில், மரத்தூள் புற்றுநோய் விளைவிப்பது எனத் திட்டமாக வகுக்கப்பட்டுள்ளது. பல்லாண்டு தூளிலே உழைத்தோரைப் பற்றிய முடிவு அது. ஆயினும் முதியவரும் சிறுவரும் மூச்சு விடும் வீட்டில் அலட்சியம் ஆகாது.

எனவே பெட்டி செய்யத் துணிந்தோம். எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை, முக்கால் அங்குலத் தடிப்பில் வாங்கினால், ஏறக்குறைய இரண்டடிச் சதுரங்கள் எட்டுக் கிடைக்கும், ஆறு போதும். கனத்த பலகையே ஒலியைத் தடுக்கும். மெத்தென்ற பஞ்சு உள்ளே எதிரொலியைக் குறைக்குமேயன்றித் தனியே நின்று ஒலியை அடைக்காது. கதவோரத்தில் விரலிடை வெளி இருப்பினும் உழைப்பெல்லாம் வீண். அங்கே இரப்பர்ப் பட்டி ஒட்டுக. கதவின் சாளரத்துக்குக் கண்ணாடி வேண்டா, பொலிகாபனேற்றுத் தகடே தக்கது. வெட்டலகு முறிந்து பாய்ந்தால் அது சில்லுச் சில்லாக உடையாது.

நாம் செய்த பிழையையும் கூறிவிடுவோம். கட்டுப்பாட்டுப் பலகையையும் மின்வழங்கியையும் உள்ளேயே வைத்து மூடினோம். கச்சான் காற்று வீசும் பகல் அது. அரைமணியில் பெட்டி அடுப்பாகி, இயந்திரம் பாதியில் நின்றது. நல்ல தேக்குத் துண்டொன்று பாழாயிற்று. இப்பொழுது அவை வெளியே உள்ளன. அவசர நிறுத்தப் பொத்தானும் கைக்கெட்டும்படி வெளியேதான். தூசியுறிஞ்சியின் குழாய் ஒரு பக்கமும், அதற்கெதிரே காற்று புகும் வளைந்த வழியும் அமைத்தோம். மழுங்கிய அலகு மரத்தைக் கருக்கித் தீ மூட்டவும் கூடுமாதலின், ஓடும் இயந்திரத்தைத் தனியே விட்டு நாம் அகல்வதில்லை.

மாரிகாலத்தில் வேறொரு பகை உண்டு. வாவியின் ஈரமும் கடலின் உப்பும் திருகுத் தண்டைத் துருப்பிடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் தூளை நீக்கி, எண்ணெய் தொட்டுத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை உள்ளே இட்டு மூடுகின்றோம்.

பிள்ளை வீடு திரும்பிவிட்டது. அம்மம்மாவோ, வெற்றிலை வட்டாவை வைக்கப் பெட்டியின் மேற்புறம் வசதியென்கின்றார். பாக்குவெட்டி குலுங்குவதே குறையாம்.